வெளிநாட்டில் விமானம் வாங்குகிறவர்கள் கடைசியில் கேட்கும் முதல் கேள்வி

சொந்த விமானம் வாங்க நினைக்கும் இந்திய நிறுவனங்கள் பேச்சைத் தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்க விற்பனைத் தளம் ஒன்றில் பழைய கிங் ஏர் பி200 என்ற சின்ன இரட்டை இன்ஜின் விமானம் கண்ணில் பட்டிருக்கும். படங்களில் புதுத் தோல் இருக்கைகள், காக்பிட்டில் கார்மின் திரைகள், பளபளக்கும் பெயின்ட். "இந்த விலை சரியா, இன்னும் குறைப்பார்களா?" என்பதே முதல் கேள்வி. அதன் பிறகு புரோக்கர், டெபாசிட், இன்ஸ்பெக்‌ஷன் என்று வேலை மளமளவென்று நகரும். பாதிப் பணம் கைமாறிய கட்டத்தில் சுங்கத் தரகர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார்: "சார், இது எந்த கேட்டகிரி? பிரைவேட்டா, என்எஸ்ஓபியா?" சொந்தப் பயன்பாட்டுக்கா, வாடகைக்குப் பறக்கும் உரிமத்தின் கீழா என்று அர்த்தம். விமானம் வீட்டுக்கு வந்து சேரும்போது அதன் விலை என்ன என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். அதைக் கடைசியில் கேட்கும் வழக்கம் ஏன் இன்னும் மாறவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. பேரம் பேசி இரண்டு சதவீதம் குறைக்க மாதக்கணக்கில் உழைப்பவர்கள், முப்பத்தைந்து சதவீதத்தைத் தீர்மானிக்கும் விஷயத்தை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தா, நாற்பதா

சுங்கக் கட்டண அட்டவணையில் விமானங்களின் தலைப்பு 8802. பி200-இன் வெற்று எடை 2,000 கிலோவுக்கு மேல், 15,000 கிலோவுக்குள் இருப்பதால் 8802 30 என்ற துணைத் தலைப்பில் வரும். வகைப்படுத்தலில் சண்டை எதுவும் இல்லை. அடிப்படைச் சுங்க வரியும் இந்தக் கணக்கில் சின்னப் பங்குதான். கணக்கைப் புரட்டிப் போடுவது இறக்குமதியின்போது கட்டும் ஐஜிஎஸ்டி எனும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி. சொந்தப் பயன்பாட்டுக்கு அல்லாத விமானத்துக்கு 5%. சொந்தப் பயன்பாட்டுக்கான விமானத்துக்கு முன்பு 28%, அதன்மேல் 3% இழப்பீட்டு செஸ். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது, வரி 40% ஆகிவிட்டது.

கணக்கு எளிது. சுங்கம் ஏற்கும் மதிப்பு 20 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரியை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். 5% என்றால் 1 கோடி. 40% என்றால் 8 கோடி. அதே விமானம், அதே இன்ஜின், அதே லாக்புக். 7 கோடி வித்தியாசம். அதோடு முடியவில்லை. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5), விமானத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுப்பதைத் தடுக்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்வது, சரக்கு ஏற்றுவது, பறக்கப் பயிற்சி தருவது, விமானத்தையே விற்பது போன்ற வரி விதிக்கத்தக்க தொழில்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, சார்ட்டர், அதாவது வாடகை விமானச் சேவை, நடத்துபவர் கட்டும் 1 கோடி, அவர் வசூலிக்கும் ஜிஎஸ்டியில் கழிந்துபோகும். சொந்தமாகப் பறப்பவர் கட்டும் 8 கோடி போனது போனதுதான். வருமான வரியில் விமானத்துக்கு 40% தேய்மானம் உண்டு என்று ஆடிட்டர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் தொழிலுக்காகப் பறந்த பங்குக்கு மட்டுமே அது நிற்கும்.

இடையில் ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் பெயரில் விமானம் வாங்கி, தன் இயக்குநர்களையும் பொறியாளர்களையும் ஆலைகளுக்கு ஏற்றிச் செல்கிறது. யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. இது "சொந்தப் பயன்பாடு" ஆகுமா? அட்டவணையின் சொற்கள் மிகச் சுருக்கமானவை. அந்தச் சுருக்கத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் படித்து 5% கட்டிவிட்டு, பிறகு நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைவிட, விமானம் வாங்கும் முன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் போகலாம். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. சுங்கச் சட்டம் பிரிவு 28-எச் கீழ் விண்ணப்பம் போட்டால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். உண்மைகளும் சட்டமும் மாறாதவரை அது சில ஆண்டுகளுக்குச் செல்லும். கிங் ஏரின் விலைக்கு முன் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. இவ்வளவு பெரிய தொகை தொங்கும் கேள்வியை விமானத்தில் கை வைக்கும் முன்பே இந்த வழியில் தீர்த்துக்கொள்ள முடியும்.

கையெழுத்திடும் அந்தத் தாள்

இப்போது 5% பக்கம் போகலாம். அங்கே போக வழி என்எஸ்ஓபி எனப்படும் அட்டவணையிலா விமான சேவை உரிமம், அதாவது குறித்த நேர அட்டவணை இல்லாமல் கேட்டபோது வாடகைக்குப் பறக்கும் உரிமம். இங்குதான் எல்லாம் திரும்புகிறது.

2007-08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம், அரசும் அட்டவணை விமான நிறுவனங்களும் தவிர மற்றவர்களின் விமான இறக்குமதிக்கு 3% அடிப்படை வரியும் கூடவே மற்ற கூடுதல் வரிகளும் விதித்தார். துறையினர் முறையிட்டார்கள். 2007 மே மாதம் வந்த அறிவிப்பு, அட்டவணையிலா பயணி சேவைக்கும் சார்ட்டருக்கும் விலக்கு தந்தது, ஒரு நிபந்தனையோடு. இறக்குமதியாளர் சுங்கத்திடம் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: இந்த விமானத்தை அந்தச் சேவைகளுக்கு மட்டுமே பயன்படுத்துவேன், தவறினால், சலுகை இல்லாமல் இருந்தால் எவ்வளவு வரி வந்திருக்குமோ அதைக் கேட்டவுடன் கட்டுவேன். விகிதங்கள் அதன் பிறகு பலமுறை மாறின, ஜிஎஸ்டி வந்தது, அறிவிப்பு எண்கள் மாறின. பயன்பாட்டைக் காட்டித்தான் சலுகை என்ற அந்த அமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

பாதிப் பக்கத் தாள்தான். நிறுவனத்தின் இயக்குநர் கையெழுத்து, முத்திரை, பாண்டு எனும் பிணைப் பத்திரம். சுங்கத் தரகர் மற்ற இருபது தாள்களோடு சேர்த்து இதையும் நீட்டுவார். "இதெல்லாம் ஃபார்மாலிட்டி சார்" என்பார். கையெழுத்திடுபவரும் அப்படியே நினைப்பார். உண்மையில், இதற்குமுன் அவர் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தம், பணத்தை நடுநிலை முகவரிடம் ஒப்படைக்கும் எஸ்க்ரோ ஒப்பந்தம், காப்பீட்டுப் படிவம் எல்லாம் ஒருநாளில் முடிந்துவிடும் கடமைகள். இந்தத் தாள் மட்டும் விமானம் அவரிடம் இருக்கும்வரை முடியாது. ஒவ்வொரு பறப்பும் அதற்குள் வர வேண்டும். மகளின் திருமணத்துக்கு உறவினர்களைத் திருப்பதிக்கு ஏற்றிப்போன பறப்பு, முதலாளி தேர்தல் வேலைக்காகப் போன பறப்பு, குழும நிறுவனத்துக்குக் கட்டணமே இல்லாமல் போன பறப்பு, எல்லாவற்றையும் ஒருநாள் யாராவது லாக்புக்கில் விரல் வைத்துக் கேட்பார்கள்.

கேட்டும் இருக்கிறார்கள். 2007-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பல விமானங்களுக்கு நோட்டீஸ் போனது, சில கையகப்படுத்தப்பட்டன. சுங்கத்தின் வாதம் நேரடியானது: உரிமம் பயணி சேவைக்கு, ஆனால் பறந்தது முதலாளியும் குழும நிறுவனங்களும், கட்டணப் பட்டியல் வெளியிடவில்லை, பொதுமக்கள் யாரும் ஏறவில்லை. இறக்குமதியாளர்களின் வாதம்: சார்ட்டர் என்றாலே முழு விமானத்தையும் ஒருவர் வாடகைக்கு எடுப்பதுதான், அந்த ஒருவர் குழும நிறுவனமாக இருக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? உரிமம் தந்த விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவே மீறல் என்று சொல்லவில்லையே? தீர்ப்பாயத்தின் வெவ்வேறு அமர்வுகள் வெவ்வேறாகச் சொல்லி, கடைசியில் 2022-இல் செஸ்டாட் எனும் அந்தச் சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் விரிவாக்கப்பட்ட அமர்வு இறக்குமதியாளர்களுக்குச் சாதகமாகப் பதில் தந்தது. இதைப் படித்துவிட்டு "இனிப் பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அந்தத் தெளிவு வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டும் வங்கி உத்தரவாதம் கட்டிப்போட்டு, வக்கீல் கட்டணம் கொடுத்து, விமானத்தை விற்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வெற்றி என்பது வயதான விமானம் ஒன்றுதான். அதோடு, அப்போதைய வித்தியாசத்தைவிட இப்போதைய 35 புள்ளி வித்தியாசம் பெரியது. தணிக்கைக்காரர்களின் ஆர்வமும் அதற்கேற்பக் கூடும்.

என்எஸ்ஓபியை வரியைக் குறைக்கும் வழியாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் விலையைப் பார்ப்பதில்லை. பொறுப்பு மேலாளர், பறப்புச் செயல்பாட்டுத் தலைவர், பாதுகாப்பு அலுவலர் என்று பதவிக்கு ஆள் வேண்டும். செயல்பாட்டுக் கையேடு, விமான இயக்கப் பாதுகாப்புத் திட்டம், தொடர் பராமரிப்பு மேலாண்மை அமைப்பு, அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம், உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதல் எல்லாம் வேண்டும். டிஜிசிஏ ஆண்டுதோறும் வந்து பார்க்கும். வெளியாட்களுக்கு நிஜமாகவே சார்ட்டர் ஓட்டுகிற எண்ணம் இருந்தால் இவை தொழிலின் செலவு. அந்த எண்ணமே இல்லாதவர் 7 கோடியைத் தவிர்ப்பதற்காக ஆண்டுதோறும் ஒரு சின்ன விமான நிறுவனத்தை நடத்திக்கொண்டிருப்பார், கழுத்தில் அந்தத் தாளும் தொங்கிக்கொண்டிருக்கும். சொந்தமாகப் பறக்கத்தான் வேண்டும் என்றால் நாற்பதைக் கட்டுங்கள். கட்ட மனமில்லை என்றால் ஏற்கெனவே உரிமம் உள்ளவரிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூடப் பறக்காதவருக்கு மூன்றாவது வழி தேவைப்படுவதே இல்லை.

பணம் வெளியே போவதுகூட இதைப் பொறுத்தே

அமெரிக்காவில் விமான விற்பனை எஸ்க்ரோ வழியாக நடக்கும். முழுத் தொகையும் முகவரின் கணக்கில் வந்து உட்கார்ந்த பிறகே உரிமை மாறும். இந்திய வங்கியின் பார்வையில் இது பொருள் வருமுன் அனுப்பும் முன்பணம். 2 லட்சம் டாலருக்கு மேற்பட்ட முன்பணத்துக்கு வெளிநாட்டு வங்கியின் உத்தரவாதமோ ஸ்டாண்ட்பை எல்சி எனும் வங்கி உறுதிக் கடிதமோ வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி நெடுங்காலமாக வைத்திருக்கும் ஏற்பாடு. பழைய விமானத்தை விற்கும் டெக்ஸஸ்காரர் எந்தக் காலத்திலும் வங்கி உத்தரவாதம் தரமாட்டார். கேட்டால் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். டிஜிசிஏ அனுமதி பெற்ற அட்டவணை, அட்டவணையிலா சேவை நிறுவனங்களுக்கு 5 கோடி டாலர் வரை இதில் தளர்வு உண்டு. தனிப் பயன்பாட்டுக்காரர் தன் வங்கியின் விருப்பத்தை நம்பி நிற்க வேண்டும். ஆகவே டெபாசிட் கொடுக்கும் முன்பே வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்து எஸ்க்ரோ ஒப்பந்த வரைவைக் காட்டிப் பேசிவிடுங்கள். பணம் போன பிறகு, சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியைக் காட்டி அந்தக் கணக்கை மூடவேண்டிய பொறுப்பும் உங்களுடையது. இன்னொன்று: எஸ்க்ரோ கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் ஒரு டாலரும் அனுப்பக் கூடாது. விமான விற்பனையில் நடக்கும் பெரிய திருட்டுகள் இந்த வழியில்தான் வருகின்றன.

ஒக்லஹோமா சிட்டியும் டப்ளினும்

அமெரிக்க விமானங்களின் உரிமைப் பதிவேடு, அந்நாட்டு விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் ஒக்லஹோமா சிட்டி அலுவலகத்தில் இருக்கிறது. எஸ்க்ரோ நிறுவனங்களும் அந்த ஊரையே சுற்றி இருப்பது அதனால்தான். அங்கே தேடினால் பழைய கடன், பராமரிப்புக் கடைக்காரரின் பாக்கி, விடுவிக்கப்படாத அடமானம் எல்லாம் தெரியும். அதோடு நின்றுவிடக் கூடாது. விமானங்கள் மீதான கடன், உரிமைகளுக்கான கேப் டவுன் உடன்படிக்கையின்படி நடக்கும் சர்வதேசப் பதிவேடு டப்ளினில் இருக்கிறது. குழுவினர் உட்பட எட்டுப் பேராவது அமரும் விமான உடலும், குறைந்தது 550 குதிரைத்திறன் கொண்ட டர்போபிராப் இன்ஜினும் தனித்தனிப் பொருள்களாக அதில் பதிவாகும். பி200-இன் பிடி6ஏ-42 இன்ஜின் ஒவ்வொன்றும் 850 குதிரைத்திறன். ஆக ஓர் உடல், இரண்டு இன்ஜின், மூன்று தேடல். வழியில் எங்கேயோ இன்ஜின் மாற்றப்பட்டு, மாற்றப்பட்ட இன்ஜினின் மேல் வேறு யாருடைய கடனோ தொங்குவது அபூர்வமல்ல. இன்ஜின் தகட்டில் இருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுத்து, அதைக்கொண்டு தேடச் சொல்லுங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணைக்கொண்டு அல்ல.

இன்ஸ்பெக்‌ஷன் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, வாங்குகிறவர்கள் இதில் மட்டும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். விற்பவர் வழக்கமாகப் பராமரிக்கும் கடையில் செய்யாதீர்கள். பிடி6ஏ-42-இன் ஓவர்ஹால் இடைவெளி 3,600 மணி நேரம், நடுவில் 1,800-இல், சூடேறும் உட்பகுதியைத் திறந்து பார்க்கும் ஹாட் செக்‌ஷன். மலிவாகத் தெரியும் பி200 பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை நெருங்கிக்கொண்டிருக்கும். லேண்டிங் கியருக்கும் புரொப்பெல்லருக்கும் ஆண்டுக் கணக்கிலும் காலக்கெடு உண்டு. ஹேங்கரில் பூட்டி வைத்திருந்த விமானத்துக்கும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். லாக்புக் ஒன்று தொலைந்திருந்தால் அமெரிக்காவில் விலை குறையும். இந்தியாவில் விமானமே வராமல் போகலாம். உற்பத்தியான நாள் முதல் தொடர்ச்சியாக வரலாற்றை டிஜிசிஏ கேட்கும், பெரிய பழுது ஒவ்வொன்றுக்கும் 337 படிவம் கேட்கும். விமானத்தின் வயதுக்கும் வரம்பு உண்டு. அப்போது நடப்பில் இருக்கும் டிஜிசிஏ விதியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்பந்த நாளுக்கு அல்லாமல் இறக்குமதி ஆகும் நாளுக்கு வயதைக் கணக்கிடுங்கள். அனுமதி, இன்ஸ்பெக்‌ஷன், பழுது என்று எட்டு மாதம் எளிதாக ஓடிவிடும்.

உரிமை மாறும் நிமிடத்தில் விமானம் எந்த மாநிலத்தில் நிற்கிறது என்பதும் காசு. அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் மாநிலங்களில் அது இல்லவே இல்லை. வேறு பல மாநிலங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வெளியே பறந்துவிட்டால் விலக்கு உண்டு. விலக்கு கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். அதனால்தான் டெலிவரி ரசீதில் விமான நிலையம், ஜூலு (உலகப் பொது) நேரம், அப்போதைய மொத்தப் பறப்பு மணி, தரையிறக்க எண்ணிக்கை எல்லாம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுகிறார்கள். அந்த ரசீதின் நகல் பின்னால் இந்தியச் சுங்கத்திலும் உதவும்.

யாருடைய கொடியில் பறந்து வருவது

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் என் எழுத்துப் பதிவு அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் அந்நாட்டு நிறுவனங்களுக்குமானது. உரிமை இந்திய நிறுவனத்துக்கு மாறிய கணமே பழைய பதிவு செல்லாது. அப்போது விமானம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் ஹேங்கரில் நிற்கும். ஓடுதளத்துக்கு நகர்த்தலாம், பறக்க முடியாது. காப்பீடும் அந்த இடைவெளியில் கேள்விக்குறிதான்.

வெளியே வர மூன்று வழிகள். விற்பவரே உரிமையாளராக இருந்து, என் எழுத்திலேயே பறந்து வந்து இந்தியாவில் ஒப்படைப்பது ஒன்று. விற்பவர்களுக்கு இதில் விருப்பம் குறைவு, ஏனென்றால் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஆபத்து அவர் தலையில். இரண்டாவது, அமெரிக்க அறங்காவல் நிறுவனத்தின் பெயரில் தற்காலிகமாகப் பதிந்து கொண்டுவருவது. கட்டணமும் ஒரு கட்டுக் காகிதமும் கூடும். மூன்றாவது, அங்கேயே பதிவை நீக்கி, விடி எழுத்துகளோடு இந்தியப் பதிவைப் பெற்று, இந்தியக் கொடியில் பறந்து வருவது. விமான நிறுவனங்கள் புது விமானம் கொண்டுவரும் வழி இதுதான். காகித அளவில் இதுவே சுத்தம். ஆனால் விமானிகளுக்கு இந்திய உரிமம் வேண்டும், அல்லது வெளிநாட்டு விமானிக்கு ஃபாட்டா எனும் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். என் எழுத்தில் வருவதானால் எஃப்ஏஏ உரிமம் வைத்திருக்கும் ஃபெரி விமானி (விமானத்தை ஊர் கொண்டுசேர்ப்பவர்) போதும், இந்தியாவில் இறங்க டிஜிசிஏவின் ஒய்ஏ எண் எனும் அனுமதி எண் வேண்டும். எந்த வழி என்பதை விலை பேசும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். உரிமை மாறும் நாளில் இதைப் பேசத் தொடங்கினால் விற்பவர் கை ஓங்கியிருக்கும்.

எந்த வழியானாலும் ஏற்றுமதிக்கான வான்தகுதிச் சான்று, அதாவது 8130-4 படிவம், புறப்படும் முன் கையில் இருக்க வேண்டும். எஃப்ஏஏ நியமித்த பிரதிநிதி வந்து விமானத்தையும் பதிவேடுகளையும் பார்த்துத் தருவார். இந்தியா தனியாகக் கேட்கும் கருவிகள் பொருத்தப்படவில்லை என்றால் அங்கேயே பொருத்துவது நல்லது. இந்தியாவின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான காகனுக்குரிய கருவி ஓர் உதாரணம்: 2021 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பதிவாகும் விமானங்களில் அது இருக்க வேண்டும். அதேபோன்ற அமெரிக்க வாஸ் சேவையை ஏற்கும் ஜிபிஎஸ் இருந்தால் அதே தொழில்நுட்பம் காகனுக்கும் பொருந்தும். வாஸ் இல்லாத பழைய பெட்டி இருந்தால் அதையும் பேரத்தில் சேருங்கள். அமெரிக்கச் சுங்கத்தில் மின்னணு ஏற்றுமதித் தகவல் தாக்கல் செய்வதை விற்பவர் செய்வாரா, நீங்கள் அமர்த்தும் முகவர் செய்வாரா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பி200 என்றால் கனடாவின் கூஸ் பே, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து வழியாக 700 நாட்டிகல் மைல் அளவான தாவல்களில் அட்லாண்டிக்கைக் கடந்துவிடலாம். கூடுதல் எரிபொருள் தொட்டி வேண்டாம். செஸ்னா 172 போன்ற சின்னப் பயிற்சி விமானத்தை அப்படிக் கொண்டுவருவதைவிட இறக்கைகளைக் கழற்றி 40 அடி கன்டெய்னரில் அனுப்புவதே மேல். தொட்டிகளைக் காலி செய்து, இன்ஜினுக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் பிளக் போட்டு அடைக்காவிட்டால், கடல் காற்று கேம்ஷாஃப்டைத் தின்றுவிடும். வந்த பிறகு இறக்கை பூட்டி சரிபார்க்க இங்கே தகுதியான பொறியாளர் இருக்கிறாரா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிரித்து வந்தாலும் சுங்கத்தின் கண்ணில் அது முழு விமானம்தான்; பாகங்கள் என்று காட்ட முயல்வது வீண்.

மதிப்பில் எது சேரும், எது சேராது

வரி விதிக்கும் மதிப்பு வெறும் விற்பனை விலை அல்ல. 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் பத்தாவது விதியை வாங்குபவர் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். இந்தியா வந்து சேரும் வரைக்கும் ஆகும் போக்குவரத்துச் செலவு சேரும். தானே பறந்து வரும் விமானத்துக்கு அந்தச் செலவு என்பது எரிபொருள், ஃபெரி விமானி, தரையிறங்கும் கட்டணம் ஆகியவை. விமானம் வழியே வரும் பொருளுக்கு அது விலையில் 20%-ஐத் தாண்டாது என்று வரம்பு இருக்கிறது. காப்பீடு சேரும், ஆதாரம் இல்லை என்றால் 1.125% என்று எடுத்துக்கொள்வார்கள். விற்பவருடைய புரோக்கர் கமிஷனை உங்கள் தலையில் கட்டியிருந்தால் அதுவும் சேரும். உங்களுக்காக மட்டும் வேலை செய்த வாங்கும் முகவரின் கமிஷன் சேராது. அதனால் புரோக்கர் யாருக்காக வேலை செய்கிறார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆடுபவரிடம் வாங்கிய ரசீது நிற்காது. நீங்களாக அமர்த்திய இன்ஸ்பெக்‌ஷன் செலவு சேராது. அமெரிக்காவிலேயே பெயின்ட் அடித்து, ஏவியானிக்ஸ் மாற்றி எடுத்துவந்தால் அந்தச் செலவு மதிப்பில் வந்துவிடும். 40% பக்கம் இருப்பவர் இதை யோசித்துத்தான் வேலையை எங்கே செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். விலையைக் குறைத்து இன்வாய்ஸ் போடும் யோசனை யாராவது சொன்னால் அந்த ஆளை அதோடு விட்டுவிடுங்கள். இந்த வகை விமானங்களின் சந்தை விலை ஏர்கிராஃப்ட் புளூபுக் போன்ற வெளியீடுகளில் அச்சில் இருக்கிறது, மதிப்பிடும் அதிகாரிக்கும் அது கிடைக்கும்.

தரையிறங்கிய பிறகு

முதல் தரையிறக்கம் சுங்க விமான நிலையமாக இருக்க வேண்டும். ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் பராமரிப்புக்கு விடப் போகிறீர்கள் என்றாலும் சென்னையிலோ பெங்களூரிலோ வேறொரு சுங்க நிலையத்திலோ இறங்கி, வரி கட்டி முடித்துத்தான் அங்கே போக முடியும். இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு, டிஜிசிஏவின் இறக்குமதி அனுமதி, இன்வாய்ஸ், பட்டயப் பொறியாளர் சான்று எல்லாம் தயாராக வைத்து, விமானம் வருமுன்பே பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யுங்கள். தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000. வரி கட்டத் தாமதமானால் ஆண்டுக்கு 15% வட்டி. பார்க்கிங் கட்டணம் தனியாக ஓடும். டிஜிசிஏ அனுமதியில் உள்ள வரிசை எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும், அனுமதியில் ஒரு நிறுவனத்தின் பெயரும் இன்வாய்ஸில் அதன் துணை நிறுவனத்தின் பெயரும் இருந்தாலும், விமானம் ஏப்ரன் எனும் நிறுத்துமிடத்தில் வெயில் காயும். வார இறுதியில் வந்து இறங்குவதைத் தவிர்க்க ஃபெரி விமானியிடம் சொல்லுங்கள். ஐஸ்லாந்தில் ஒருநாள் அதிகம் தங்க வைப்பது மலிவு.

இந்தியப் பதிவு வந்தபின் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் இரண்டு அடிக்கடி விட்டுப்போகின்றன. ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் 24 பிட் முகவரி அமெரிக்காவினுடையதாகவே கிடக்கும். அதை இந்தியாவுக்கான 800000 முதல் 83FFFF வரையான தொகுதியில் ஒதுக்கப்பட்ட எண்ணுக்கு மாற்ற வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியையும் இந்தியாவின் நாட்டுக் குறியீடான 419-இல் மறுபடி நிரல்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் நீலகிரியில் விபத்து நடந்தால் அழைப்பு முதலில் அமெரிக்காவில் உள்ள பழைய உரிமையாளருக்குப் போகும்.

5% கட்டி வந்தவர்களுக்கு இன்னொரு வேலை முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு பறப்புக்கும் யார் கேட்டார்கள், யார் ஏறினார்கள், எந்த இன்வாய்ஸ், ஜிஎஸ்டி எவ்வளவு, பணம் எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது என்ற ஐந்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். குழும நிறுவனம் பறந்தாலும் வெளியாளுக்குப் போடும் அதே கட்டணத்தில் இன்வாய்ஸ் போட்டு, பணத்தையும் நிஜமாகவே வாங்குங்கள். சாதாரண வரிக் கோரிக்கைக்குச் சுங்கச் சட்டத்தில் இரண்டு ஆண்டு, மறைத்தல் இருந்தால் ஐந்து ஆண்டு என்று கெடு இருக்கிறது. பாண்டில் கொடுத்த உறுதிமொழியை அந்தக் கெடுவுக்குள் அடக்கிவிட முடியாது என்றே சுங்கம் வாதிடும். ஆகவே ஐந்து ஆண்டு கழிந்ததும் கோப்பைக் கிழித்துவிடாதீர்கள். விமானத்தை விற்கும்போதும், உரிமத்தை விட்டுவிட்டுத் தனிப் பயன்பாட்டுக்கு மாற்றும்போதும் முதலில் சுங்க அலுவலகத்துக்கு எழுதி, வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டி, பாண்டை ரத்து செய்த கடிதத்தை வாங்கிக்கொண்ட பிறகே விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.